ஊசித் திருகும் ஓட்டப்பிடாரத்துக் காற்றும்

மாடல் எஞ்சின் ஒன்றைப் புதிதாக வாங்கிய இளைஞர்கள் என்னிடம் வந்து கேட்கும் சந்தேகங்களில் தவறாமல் முதலிடம் பெறுவது, "கார்புரேட்டர் ஊசியை எத்தனை சுற்றுத் திறக்க வேண்டும்?" என்னும் கேள்விதான். கேள்வி நியாயமானதே, எஞ்சினோடு வருகிற குறிப்புத் தாளிலும் இரண்டரைச் சுற்று, மூன்று சுற்று என்று ஏதோ ஓர் எண் அச்சாகியிருக்கிறது. ஆயினும் அந்த எண், எஞ்சின் முதன்முதலில் உயிர் பெறுவதற்கு மட்டும் உதவுமேயன்றி அது செம்மையாக ஓடுவதற்கு ஒருநாளும் உதவாது. ஏனென்றால் அந்தத் தாளை அச்சிட்டவருக்கு ஓட்டப்பிடாரத்தின் பிற்பகல் வெயிலும், ஆனி ஆடியில் கயத்தாறுப் பக்கமிருந்து காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டு வீசுகிற மேல்காற்றும், கரிசல் காட்டுப் புழுதியும் தெரியமாட்டா. ஊசியின் சரியான இடம் எஞ்சின் எழுப்பும் ஒலியில் இருக்கிறது. அதைக் காதால் கேட்டுத்தான் கண்டுகொள்ள வேண்டும். இதை நான் உறுதியாக நம்புகிறேன். அந்தக் கேட்கும் பயிற்சியைப் பற்றித்தான் இன்று சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். அவசரமாகப் படிக்க வேண்டிய விஷயம் இதில் ஒன்றும் இல்லை.

முதலில் கார்புரேட்டரின் தத்துவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குழாயின் நடுவே இடை சிறுத்திருந்தால், அந்த இடுக்கில் காற்று விரைந்து செல்லும். விரைந்து செல்லும் இடத்தில் அதன் அழுத்தம் குறையும். இதன் கணிதத்தை டேனியல் பெர்னூலி 1738-இல் நூலாக்கினார். இடுக்குக் குழாயை ஆராய்ந்து இத்தாலியரான வெஞ்சூரி 1797-இல் எழுதியமையால் அக்குழாய்க்கு இன்றளவும் அவர் பெயரே வழங்குகிறது. அந்த இடுக்கில் ஒரு நுண்ணிய துளையை வைத்து, அத்துளை வழியே எரிபொருள் உறிஞ்சப்பட்டுத் துளித்துளியாகச் சிதறிக் காற்றோடு கலக்கும்படி செய்த தெளிப்புக் கார்புரேட்டர், 1893-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கின் கையிலும், அதே காலத்தில் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்னும் இருவரின் கையிலும் உருப்பெற்றது. கார், மோட்டார் சைக்கிள், மொபெட், விமானம் என்று ஒரு நூற்றாண்டு காலம் இவ்வுலகத்தை ஓட்டியது அந்தச் சின்னஞ்சிறு துளைதான்.

மாடல் எஞ்சினின் கார்புரேட்டர் இவற்றினும் எளியது. எளியதாயிருப்பதே அதன் சிரமத்துக்கும் காரணம். மோட்டார் சைக்கிளில் எரிபொருளின் மட்டத்தை எப்போதும் ஒரே நிலையில் வைத்துக் காக்கும் மிதவை அறை ஒன்று உண்டு. மாடல் எஞ்சினுக்கு அது கிடையாது. டேங்கிலிருந்து ஒரு சிலிக்கோன் குழாய் நேரே ஊசி வால்வுக்கு வருகிறது, அவ்வளவே. ஆதலால் டேங்கின் நடுமட்டம் ஊசியின் மட்டத்துக்கு நேராகவோ, ஒரு சென்டிமீட்டர் அளவு தாழ்ந்தோ இருக்க வேண்டும். மேலே இருந்தால் எரிபொருள் தானாகவே வழிந்து எஞ்சினை மூழ்கடிக்கும். மிகவும் கீழே இருந்தால் டேங்க் வற்றிக்கொண்டே வருகையில் கலவையும் வறண்டுகொண்டே வரும். இந்தக் குறையை ஓரளவு தீர்ப்பதற்காகவே சைலன்சரிலிருந்து மற்றொரு குழாயை டேங்குக்குக் கொண்டுசென்று, புகையின் அழுத்தத்தால் எரிபொருளை முன்தள்ளும் வழக்கம் வந்தது. கார்புரேட்டரைச் சரிசெய்ய உட்காருகிறவர் திருப்புளியை எடுப்பதற்கு முன்பு டேங்கின் உயரத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பழகுவோர் கையில் பெரும்பாலும் காணப்படுவது 6.5 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இரண்டு ஸ்ட்ரோக் குளோ எஞ்சின். ஜப்பானில் ஷிகெயோ ஒகாவா 1936-இல் தொடங்கிய ஓ.எஸ். நிறுவனம் முதலாகப் பல நாட்டவரும் இந்த அளவில் எஞ்சின்கள் செய்திருக்கின்றனர். பத்து அங்குல விசிறியோடு நிமிஷத்துக்கு 11,000 சுற்று ஓடும்போது, அதன் சிலிண்டருக்குள் விநாடிக்கு 180 தடவைக்கு மேல் தீப்பற்றுகிறது. ஒவ்வொரு தடவைக்கும் வேண்டிய எரிபொருள், மழைத்துளியில் ஒரு சிறு பின்னமே. அந்தப் பின்னத்தைத்தான் நாம் விரல் நுனியால் அளந்து கொடுக்கிறோம் என்பதை எண்ணும்போது எனக்கு இந்த அப்பியாசத்தின்மீது உண்டாகிற மரியாதை சிறிதல்ல.

இந்த எஞ்சினில் தீப்பொறி கிடையாது. 1947-இல் அமெரிக்கரான ரே ஆர்டன் சந்தைக்குக் கொண்டுவந்த குளோ பிளக்கில், பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. ஒன்றரை வோல்ட் மின்சாரத்தால் அதை முதலில் சிவக்கக் காய்ச்சிவிட்டால், பிறகு மெத்தனால் ஆவி அந்தப் பிளாட்டினத்தின்மீது படுவதால் உண்டாகும் வினையும், எரிதலின் உஷ்ணமும் சேர்ந்து மின்சாரம் இல்லாமலே அதைத் தணலாகவே வைத்திருக்கின்றன. மெத்தனாலுக்கு மற்றொரு குணமும் உண்டு. ஆவியாகும்போது அது பெட்ரோலைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு உஷ்ணத்தை உறிஞ்சிக்கொள்கிறது. எரிவதற்கும் தன் எடையைப்போல் சுமார் ஆறரை மடங்கு காற்றே போதும், பெட்ரோலுக்கோ பதினாலரை மடங்குக்கு மேல் வேண்டும். எனவே குளோ எஞ்சின் எரிபொருளைத் தாராளமாகக் குடிக்கும். அந்தத் தாராளமே அதைக் குளிர வைக்கும். அந்த எரிபொருளோடு கலந்து வரும் எண்ணெயே அதன் பிஸ்டனுக்கும் தாங்கிகளுக்கும் உயவு தரும். ஊசியை அளவுக்கு மீறி மூடிக் கலவையை வறள விடுகிறவர் உணவையும் குளிர்ச்சியையும் உயவையும் ஒருசேர நிறுத்துகிறார். கலவை செறிந்திருந்தால் புகை மிகும், பலம் குறையும், பிளக் நனையும், எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். கலவை வறண்டால் சில நிமிஷங்கள் அற்புதமாக ஓடும். பிறகு அந்த எஞ்சின் பழைய எஞ்சினாக இராது. சந்தேகம் வந்தால் ஊசியைத் திறக்கும் பக்கமே திருப்புக என்று எல்லா ஆசிரியர்களும் சொல்லிவைத்ததன் காரணம் இதுவே.

எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல என் மனம் ஒப்பவில்லை. மாடல் எஞ்சினுக்கு மிகச் சிறந்த உயவாக ஆரம்ப நாள் முதல் மதிக்கப்பட்டு வருவது, நம் கரிசல் காட்டு வரப்பில் பருத்திக்கும் உளுந்துக்கும் துணையாக நின்று வளர்கிற ஆமணக்கின் எண்ணெய்தான். சர்வதேச வேகப் போட்டிகளில் எல்லோரும் சமமாக ஓடவேண்டும் என்பதற்காக விதிக்கப்பட்ட எரிபொருளே நூற்றுக்கு 80 பங்கு மெத்தனாலும் 20 பங்கு ஆமணக்கெண்ணெயும் ஆகும். முதல் உலக யுத்தத்தின் நோம், லெ ரோன் முதலிய சுழல் எஞ்சின்களும் இதே எண்ணெயில்தான் ஓடின. பெட்ரோல் கலந்த காற்று எஞ்சினின் வயிற்றுக்குள் புகுந்து செல்லும் அமைப்பாதலால், பெட்ரோலில் எளிதில் கரையாத எண்ணெயே அங்கே நிலைக்கும் என்பது காரணம். உஷ்ணம் மிகும்போது மற்ற எண்ணெய்கள் எரிந்தும் மெலிந்தும் போக, இது மட்டும் பிசுபிசுத்த ஒரு படலமாக இரும்பைப் பற்றிக்கொண்டு நிற்கும். உலகத்திலேயே மிகுதியாக ஆமணக்கு விளைவிக்கும் தேசம் நம்முடையது. குழந்தைகளின் வயிற்றைச் சுத்தம் செய்யும் அதே விளக்கெண்ணெய், கலப்பில்லாமல் நன்றாக வடிகட்டப்பட்டதாயிருந்தால், இந்த யந்திரத்தின் உயிரையும் காக்கிறது என்பதில் எனக்கு உள்ள பெருமிதத்தை மறைக்க வேண்டியதில்லை.

மெத்தனால் விஷயத்திலோ பெருமிதத்துக்கு இடமில்லை, ஜாக்கிரதைக்கே இடமுண்டு. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நாம் எவரும் மறந்திருக்க முடியாது. அதற்கு முந்தைய ஆண்டில் மரக்காணம் பக்கத்திலும் அதே கொடுமை நிகழ்ந்தது. தமிழ்நாட்டில் இந்தத் திரவத்தை வாங்குவதும் வைத்திருப்பதும் 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமத்துக்கு உட்பட்டவை. அந்தக் கட்டுப்பாட்டைப் பொழுதுபோக்கின் பெயரால் குறைசொல்லும் அன்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிறமற்ற, தண்ணீர்போலத் தோன்றுகிற விஷம் அது. தோலின் வழியாகவும் உடலில் ஏறும். உரிய அனுமதியோடு கல்லூரி ஆய்வுக்கூடத்திலோ, முறையான சங்கத்திலோ பழகுகிறவர்கள் குளோ எஞ்சினைப் பழகட்டும். வீட்டில் தனியாகப் பழக விரும்பும் இளைஞனுக்கு நான் சொல்வது வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி, சரிசெய்யும் முறை. எஞ்சினைக் கனத்த பலகையில் போல்ட் அடித்துப் பொருத்திப் பலகையையும் அசையாமல் இறுக்க வேண்டும். ஓடும்போது விசிறியின் முன்பக்கமும் பக்கவாட்டும் ஒருவரும் நிற்கலாகாது. ஊசியைத் திருப்புகிறவர் பின்புறமிருந்தே கை நீட்ட வேண்டும். 11,000 சுற்றில் விசிறி கண்ணுக்குத் தெரியாது. தெரியாத பொருளிடம் பயம் எளிதில் மறந்துவிடும்.

கார்புரேட்டரில் திருகுகள் இரண்டு மூன்று இருக்கும். முதலாவது முக்கிய ஊசி. முழுத் திறப்பில் எரிபொருளை அளப்பது அது. இரண்டாவது மெதுவோட்டத் திருகு. ஐடிலிங்கில் கலவையை அளப்பது. மூன்றாவது, காற்று வழியை அடைக்கும் உருளை எவ்வளவு தூரம் மூடலாம் என்று தடுத்து நிற்கும் திருகு. இவற்றில் எப்போதும் முக்கிய ஊசியையே முதலில் சரிசெய்ய வேண்டும். அது நிலைபெற்ற பிறகே மெதுவோட்டத்துக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றுகிறவருக்கு, எது எதைக் கெடுத்தது என்பது ஒருபோதும் விளங்காது.

குறிப்புத் தாளில் உள்ளபடி ஊசியைத் திறந்து, காற்று வாயை விரலால் மூடி விசிறியை இரண்டொரு தடவை கையால் சுற்றினால் எரிபொருள் குழாய் வழியே ஏறி வருவது தெரியும். பிறகு பிளக்குக்கு மின்சாரம் கொடுத்துத் தொடங்குக. ஓடத் தொடங்கிச் சற்றுச் சூடேறியதும், மின்சாரத்தை எடுத்துவிட்டு உருளையை முழுதும் திறந்து காதைக் கொடுக்க வேண்டும். கலவை மிகச் செறிந்திருக்கையில் இந்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் தீப்பற்றாது. ஒன்று விட்டு ஒன்றாகப் பற்றும். அப்போது அதன் ஒலி கனத்து, தழதழத்து, நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினைப்போல் கேட்கும். வெண்புகையும் தாராளமாக வரும். ஊசியைச் சிறிது சிறிதாக, ஒவ்வொரு தடவைக்கும் கால் சுற்றுக்குக் குறைவாகவே மூடி, ஒவ்வொரு திருப்பத்துக்குப் பின்பும் நாலைந்து விநாடி பொறுக்க வேண்டும். எஞ்சின் பதில் சொல்வதற்கு அவ்வளவு அவகாசம் வேண்டும். ஓரிடத்தில் அந்தத் தழதழப்பு சட்டென்று தெளிந்து ஒரே சீரான உயர்ந்த ஸ்வரமாகும். அதற்கு மேலும் மூடினால் ஸ்வரம் இன்னும் சற்று ஏறும். அதன் பிறகு ஏறாது, தொய்யும். உச்சம் எங்கே என்று இப்போது தெரிந்துவிட்டது. உச்சத்தில் நிறுத்தலாகாது, அங்கிருந்து முந்நூறு முதல் ஐந்நூறு சுற்றுகள் குறையும்வரை ஊசியைத் திரும்பவும் திறந்து வைக்க வேண்டும்.

அது சரியான இடந்தானா என்று சோதிப்பதற்கு ஓர் அழகான உபாயம் உண்டு. முழு வேகத்தில் ஓடும்போது எரிபொருள் குழாயை விரல்களால் ஒரு கணம் கிள்ளி விட்டுவிட வேண்டும். கிள்ளிய கணத்தில் கலவை வறள்கிறது. எஞ்சின் சற்றே வேகமெடுத்துப் பிறகு பழைய நிலைக்கு வந்தால் கலவை போதிய செறிவோடு இருக்கிறது. வேகமெடுக்காமல் உடனே தொய்ந்தால், ஏற்கெனவே வறட்சியின் விளிம்பில் நிற்கிறது. விமானத்தில் பொருத்தியிருந்தால் மற்றொரு சோதனையும் வேண்டும்: விமானத்தை வலுவாகப் பிடித்து அதன் மூக்கை வானத்தை நோக்கி நிமிர்த்திச் சில விநாடிகள் வைத்திருக்க வேண்டும். டேங்க் கீழே போய்விடுவதால், மேலேறுகையில் என்ன நேருமோ அது தரையிலேயே தெரிந்துவிடும். தரையில் உச்ச வேகத்துக்குத் திருகப்பட்ட எஞ்சின் மேலெழும்பியதும் மூச்சு முட்டி நின்றுபோவதன் ரகசியம் இதுதான்.

மெதுவோட்டத்தில்தான் புதியவர்கள் பெரிதும் தடுமாறுகின்றனர். காரணம், இரண்டு வகைக் கார்புரேட்டர்கள் ஒன்றுக்கொன்று நேர்மாறாக நடந்துகொள்வதே. ஊசியாகவே அமைந்த மெதுவோட்டத் திருகை உள்ளே திருப்பினால் எரிபொருள் குறையும், கலவை வறளும். கார்புரேட்டரின் முகத்தில் ஒரு சிறு துளையும் அதன் குறுக்கே ஒரு திருகும் உள்ள மற்றொரு வகையில், அத்திருகு அளப்பது காற்றை. அதை உள்ளே திருப்பினால் காற்று அடைபடும், கலவை செறியும். தம் கையில் இருப்பது எது என்று அறியாமல் ஒருவர் சொன்ன யோசனையை மற்றொருவர் பின்பற்றினால் அன்றைய பொழுது முழுவதும் வீணாகும். முகத்தில் அந்தத் துளை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு பரீட்சை வேண்டாம்.

எஞ்சினை 2,500 சுற்று அளவுக்குத் தணித்து, அரை நிமிஷம் அப்படியே ஓடவிட்டு, உருளையைச் சடக்கென்று முழுதும் திறக்க வேண்டும். திக்கித் திணறிப் புகையைக் கக்கிக்கொண்டு மெதுவாக வேகமெடுத்தால் மெதுவோட்டக் கலவை செறிவு மிகுந்தது. தணிந்திருந்த நேரத்தில் எஞ்சினின் வயிற்றுக்குள் எரிபொருள் தேங்கிவிட்டது. புகையே இல்லாமல் ஒரு சத்தத்தோடு பட்டென்று நின்றுவிட்டால் கலவை வறட்சி. இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில், திறந்தவுடன் தயக்கமின்றி ஒரே மூச்சில் எழும்பும். அந்த இடத்தை அடைந்த பிறகு முக்கிய ஊசியை மறுபடியும் ஒருதரம் சோதிக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைச் சிறிது பாதிக்கும்.

புது எஞ்சினைப் பழக்கும் விஷயத்தில் ஒரு பழைய விதி, காலம் மாறியும் மாறாமல் வாய்மொழியாக உலவிவருகிறது. டேங்க் டேங்காகச் செறிந்த கலவையில் குளிர்ச்சியாகவே ஓட்டவேண்டும் என்பது அது. இரும்புப் பிஸ்டனுக்கும் மோதிரம் பூண்ட பிஸ்டனுக்கும் அது பொருந்தும். ஆனால் அலுமினியப் பிஸ்டனும், உட்புறம் குரோமியம் பூசிய பித்தளைச் சிலிண்டரும் கொண்ட எஞ்சினில், சிலிண்டர் உச்சியில் வேண்டுமென்றே இறுக்கமாகக் கடையப்பட்டிருக்கிறது. உஷ்ணத்தால் பித்தளை விரிந்த பிறகே பிஸ்டனுக்கு உரிய இடைவெளி கிடைக்கும். அதைக் குளிர்ச்சியாக ஓட்டுவது ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டனை உராய்ந்து தேய்ப்பதாகும். செறிவின் பக்கமே இருந்தாலும், போதிய சூட்டோடு குறுகிய ஓட்டங்களாகப் பழக்குவதே அதற்கு நல்லது.

நம் ஊர்க் காற்றுக்கு வருகிறேன். சித்திரையில் விடியற்காலை 27 பாகையாக இருக்கும் உஷ்ணம், பிற்பகலில் 39 பாகைக்கு ஏறினால் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு நாலு பங்கு குறைகிறது. காற்று இலேசாகும்போது எரிபொருளை உறிஞ்சும் விசையும் ஓரளவு குறையுமாதலால், கலவையில் ஏற்படும் மாற்றம் அதில் பாதியளவே. ஆயினும் காதுக்குத் தெரியும் மாற்றம் அது. காலையில் தெளிவாகப் பாடிய எஞ்சின் பிற்பகலில் சற்றே தழதழக்கும். கடற்காற்று உள்ளே ஏறி வந்துவிட்டால், அது கொண்டுவரும் நீராவி பிராணவாயுவின் இடத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வதால் கலவை மேலும் செறியும். ஊசியைச் சிறிது மூடினால் போதும். மறுநாள் காலையில் அதே இடத்தில் விட்டுவைத்துத் தொடங்குவதுதான் ஆபத்து. குளிர்ந்த அடர்ந்த காற்றுக்கு அது வறண்ட கலவை. இங்கே கடல்மட்டத்தை ஒட்டிச் சரிசெய்த எஞ்சினை உதகமண்டலத்துக்கு எடுத்துச் சென்றால், 2,200 மீட்டருக்கு மேலான அந்த உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்குமாதலால், ஊசியைக் கணிசமாக மூடவேண்டி வரும், பலமும் குறையும், அதற்கு ஊசியில் பரிகாரம் இல்லை.

புழுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரிசல் மண் காய்ந்தால் மாவாகப் பறக்கும். ஒரு துகள் ஊசியின் துளையில் சிக்கிவிட்டால் எஞ்சின் வறண்டு ஓடும், நாம் ஊசியைத் திறப்போம், துகள் நகர்ந்ததும் எரிபொருள் பெருகும், மறுபடி மூடுவோம். சிலிக்கோன் குழாயில் குண்டூசி முனையளவு ஓட்டை விழுந்து காற்றுக் குமிழிகள் புகுந்தாலும், டேங்கினுள் எரிபொருளை உறிஞ்சும் கனமான முனை கழன்று விழுந்தாலும், பிளக்கின் கம்பி சோர்ந்துபோனாலும், எல்லாம் ஊசியின் பிழைபோலவே வேஷம் போட்டுக்கொண்டு வரும். நேற்று நன்றாக ஓடிய எஞ்சின் இன்று கெட்டிருந்தால், திருகு தானாகத் திரும்பியிருக்காது. ஆதலால் வடிகட்டி, குழாய், டேங்க், பிளக் ஆகியவற்றை முதலில் பாருங்கள். திருகைத் தொடுவது கடைசி வேலை.

இந்தக் காதுப் பயிற்சி மாடல் எஞ்சின்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. எங்கள் ஊர் மோட்டார் சைக்கிள் மெக்கானிக் ஒருவரிடம் பழைய மொபெட்டைக் கொடுத்தால், அவர் ஏர் ஸ்க்ரூவில் திருப்புளியை வைத்துக்கொண்டு, முகத்தை வேறு திசையில் திருப்பிக் கேட்டுக்கொண்டிருப்பார். "எதைப் பாத்து நிறுத்துதீய?" என்று ஒருநாள் கேட்டேன். "பாக்கதுக்கு என்ன அண்ணாச்சி இருக்கு? சத்தம் ஏறிக்கிட்டே போகும்லா, ஏறுதது நின்னுச்சுன்னா அந்த இடம்தான். அப்புறம் பிளக்கக் கழட்டிப் பாத்தா காப்பிப்பொடி நிறத்துல இருக்கும், கரி பிடிச்சிருக்காது," என்றார். பெர்னூலியும் வெஞ்சூரியும் சொன்னவற்றின் சாரத்தை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை. 2020 ஏப்ரல் முதல் நாளில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு பெரும்பாலான புது இருசக்கர வாகனங்களில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் செலுத்தி பிடித்துக்கொண்டது, புகை குறைந்தது, அது நல்லதே. ஆனால் அவரிடம் வேலை கற்கிற பையன்களுக்கு அந்தக் காது இனி எங்கிருந்து வரும் என்பது எனக்கு உண்மையான கவலை. மண்ணெண்ணெயில் ஓடும் படகு எஞ்சின்களில் இன்னும் கார்புரேட்டர் இருக்கிறது. பெட்ரோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரை சேர்வதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி நிறுத்துகிற வித்தையை நம் கடற்கரை மீனவர்கள் ஒலியைக் கொண்டே நிர்வகிக்கின்றனர். மிளகாய்க் காட்டில் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரிலும், களை வெட்டும் யந்திரத்திலும் மேல்வேகத்துக்கு ஒன்று, கீழ்வேகத்துக்கு ஒன்று என்று இரண்டு திருகுகள் இருக்கின்றன. அவற்றையும் காதால் கேட்டே சரிசெய்ய வேண்டும்.

வீட்டில் தனியாகப் பழக விரும்பும் இளைஞனுக்கு என்ன சொல்வேன் என்று மேலே ஒரு வாக்குக் கொடுத்தேன். அவன் மாடல் டீசல் எஞ்சினையோ, தீப்பொறியால் எரியும் சிறு பெட்ரோல் எஞ்சினையோ கொள்ளட்டும். டீசல் என்று பெயரே ஒழிய அதில் டீசல் எண்ணெய் ஊற்றுவதில்லை. ஈதர், மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய் மூன்றும் ஏறத்தாழச் சம பங்கு. பிளக்கும் இல்லை, பேட்டரியும் இல்லை; அழுத்தத்தின் உஷ்ணத்திலேயே ஈதர் பற்றிக்கொள்ளும். இவ்வகை எஞ்சின்கள் கல்கத்தாவில் அரோரா என்னும் பெயரில் செய்யப்பட்டு வெளிநாட்டு ரசிகர்களையும் சென்றடைந்தன. 1950-இல் என்.சி.சி.யின் விமானப் பிரிவு முதன்முதலில் தொடங்கப்பட்ட இரண்டு நகரங்களில் கல்கத்தாவும் ஒன்று. மாடல் விமானக் கலை அப்பிரிவின் பயிற்சியில் ஓர் அங்கம். அந்நிய கம்பெனிக்கு எதிராக 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்த வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்த ஊரில் வாழும் எனக்கு, இந்நாட்டிலேயே கடைந்து செய்த ஒரு சிறு எஞ்சின் இந்நாட்டு ஆமணக்கெண்ணெயில் ஓடுவதைக் கேட்பது தனியான ஓர் ஆனந்தம்.

டீசலில் சரிசெய்ய வேண்டியவை இரண்டு: ஊசி ஒன்று, சிலிண்டரின் உச்சியில் எதிர்ப் பிஸ்டனை ஏற்றி இறக்கி அழுத்தத்தை மாற்றும் கைப்பிடித் திருகு மற்றொன்று. அழுத்தம் குறைந்தால் எஞ்சின் விட்டுவிட்டுப் பற்றும். மிகுந்தால் சுமை இழுப்பதுபோல் முனகிக்கொண்டு சூடேறும். ஊசியைச் சிறிது மூடினால் அழுத்தத்தையும் சிறிது குறைக்க வேண்டும். சூடேறிய பிறகு மறுபடியும் சிறிது குறைக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவையாதலால், கேட்டுக் கேட்டுச் செய்யும் பழக்கத்தை இதைப்போலக் கற்றுக்கொடுக்கும் எஞ்சின் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். ஒரே ஓர் எச்சரிக்கை: ஈதரின் ஆவி காற்றினும் கனமானது, தரையோடு தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள நெருப்பையும் பற்றிக்கொள்ளும், ஆகையால் திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் அண்டாத இடத்தில் மட்டுமே கையாள வேண்டும். பெட்ரோல் எஞ்சினைத் தேர்ந்துகொள்கிறவருக்கு எரிபொருள் எந்தப் பெட்ரோல் பங்க்கிலும் கிடைக்கும். அதற்குரிய இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெயைக் குறிப்பிட்ட விகிதத்தில் கலப்பது ஒன்றே கவனிக்க வேண்டியது, ஆமணக்கெண்ணெய் அதற்கு ஆகாது. பெரிய காரியங்களுக்கும் இதே சிறிய எஞ்சின்கள் பயன்படுகின்றன. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழு, நடிகர் அஜித் குமாரை ஆலோசகராகக் கொண்டு 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றதை அறிந்திருப்பீர்கள். ஆளில்லா விமானம் நெடுநேரம் வானில் நிற்க வேண்டுமானால் பேட்டரி மட்டும் போதாது, சிறு பெட்ரோல் எஞ்சினின் துணை வேண்டியிருக்கிறது என்பதை அத்துறையினர் நன்கறிவர்.

ஓட்டம் முடிந்த பிறகு செய்ய வேண்டியதைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். எஞ்சினை, காற்று வழியின் உருளையை மூடி நிறுத்துவதைவிட, எரிபொருள் குழாயைக் கிள்ளியோ கழற்றியோ, உள்ளே இருப்பதெல்லாம் எரிந்து தீரும்வரை மெதுவோட்டத்தில் ஓடவிட்டு நிறுத்துவது மேல். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உப்பளங்கள் சூழ்ந்த தூத்துக்குடிப் பக்கத்துக் காற்றிலோ ஈரத்தோடு உப்பும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து பந்துத் தாங்கிகளைச் சில வாரங்களில் துருவாக்கிவிடும். ஆகவே காற்று வாயிலும் பிளக் துளையிலும் சில சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, விசிறியைக் கையால் பத்துப் பன்னிரண்டு முறை சுற்றி, சைலன்சரின் வாயைத் துணியால் அடைத்து, நெகிழிப் பையில் கட்டி வையுங்கள். ஊசியை முழுவதும் மூடி இறுக்கி வைக்க வேண்டாம். இறுக்கினால் அதன் கூர்முனை இருக்கையில் பதிந்து சிதையும், அடுத்த தடவை எந்த அளவும் ஒத்துவராது.